பாய்க்கு அடியில் இருந்தது

லுவாந்திரோ சர்க்கரை ஆலையின் பெண்கள் கிரிக்கெட் அணியில் நங்கோபி மட்டும் பாய் விரிக்க வரக்கூடாது. பதினோரு வருஷமாக அதுதான் சட்டம். மற்றவர்கள் ஆட்டத்தன்று காலையில் வந்து, மைதானக் காவல்காரர் கிசாம்பிராவோடு சேர்ந்து, சுருட்டி வைத்த தென்னைநார்ப் பாயைத் தூக்கி வந்து, மைதான நடுவே பந்து விழும் சரளைமண் தரையின்மேல் இழுத்து விரித்து, மண்டியிட்டு ஆணி அடிப்பார்கள். நங்கோபி சும்மா உட்கார்ந்து முட்டை சுருட்டிய சப்பாத்தி தின்னலாம். சுத்தியலைத் தொட்டால் போதும், அணித் தலைவி நமுகோசே ஓடி வந்து பிடுங்கிக்கொள்வாள். பந்து போடும் கை, ஆலையின் கை, அதில் ஆணி அடிக்கலாமா என்பாள். கிளப் சேர்மன் பலிகோவாவும் அதையே சொல்வார். நங்கோபிக்குப் பெருமை பிடிபடாது. நம்மை எப்படித் தாங்குகிறார்கள் பார் என்று உள்ளுக்குள் பூரித்துப் போவாள். அந்தப் பூரிப்பை இப்போது நினைத்தால்தான் குமட்டுகிறது.

அவள் பந்து அப்படி ஒன்றும் வேகம் கிடையாது. ஆலைப் புகைபோக்கி இருக்கும் பக்கத்திலிருந்து ஓடி வந்து, எதிரே கரும்புத் தோட்டத்துப் பக்கம் நிற்கும் மட்டைக்காரிக்குப் போடுவாள். ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு சாண் வெளியே, ஸ்டம்பிலிருந்து ஏழெட்டுத் தப்படி முன்னால், ஓர் இடம் உண்டு. மற்ற இடத்தில் விழுந்த பந்து இடுப்புக்கு வந்தால், அங்கே விழுந்த பந்து மூக்குக்கு வரும். மட்டையின் மேல் விளிம்பில் பட்டுப் பின்னால் பறக்கும். பின்னால் விக்கெட் கீப்பராக நிற்பவளும் நமுகோசேதான். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இடது கையுறையை நீட்டி அதே இடத்தைக் காட்டுவாள். நங்கோபி கண்ணை மூடிக்கொண்டு அங்கே போடுவாள். சொந்த மைதானத்தில் ஒன்பது தடவை ஐந்து விக்கெட் எடுத்திருக்கிறாள். வெளியூரில் ஒரு தடவைகூட இரண்டைத் தாண்டியதில்லை.

வெளியூர் என்றால் காரணத்துக்கா பஞ்சம்? பஸ்ஸில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆடப் போன ஊரில் தேசோக்காரர்கள் கொடுத்த மரவள்ளிக் களி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பாய் செத்த பாய், பந்து எழும்பவே எழும்பாது. நாலு வருஷத்துக்கு முன்னால் தலைநகர் கம்பாலாவில் தேசிய அணிக்கு ஆள் எடுத்தபோது புல்தரையில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்கள்கூட அடித்து விரட்டினார்கள். அன்றைக்கு ஷூ கடித்தது.

அந்தப் பந்தை நம்பி அவள் விட்டது கொஞ்சநஞ்சமில்லை. கணவன் வைஸ்வாவுக்கு மசிந்தி பக்கம் லாரி ஓட்டும் வேலை கிடைத்தபோது கூட வா என்றான். இங்கே என் ஆட்டம் இருக்கிறது, வர முடியாது என்றாள். நானா பந்தா என்று கேட்டான். அவள் யோசிக்கக்கூட இல்லை. அவன் போய்ச் சேர்ந்து, அங்கே வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. இவள் ஆலை எடைமேடையில் கரும்பு லாரிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டு, ஆலை கொடுத்த ஒற்றை அறையில் இருந்துகொண்டு, முப்பது வயதைத் தாண்டி, தேசிய அணி கூப்பிடும் கூப்பிடும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. தேர்வுக் குழுவில் இருக்கும் நப்போசா அம்மாள், ஒரு காலத்தில் நாட்டுக்கு ஆடியவர், சனிக்கிழமை ஒசீரா அணியோடு நடக்கும் ஆட்டத்தைப் பார்க்க நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சொந்த மண்ணில் இத்தனை விக்கெட் எடுப்பவள் வெளியே ஏன் சொதப்புகிறாள் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம். இதுதான் உனக்குக் கடைசி வாய்ப்பு, நாலு விக்கெட் எடுத்துவிடு, மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன் என்று சேர்மன் பலிகோவா தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரம் பார்த்துக் கிசாம்பிராவுக்கு மலேரியா. வியாழக்கிழமையே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். சனிக்கிழமை காலை நங்கோபிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மற்றவர்கள் வருவதற்குள் தரையையாவது கூட்டி வைப்போம், கிழவர் இல்லாமல் பெண்கள் கஷ்டப்படுவார்கள் என்று நல்ல மனசோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். கரும்புப் பக்கத்து ஸ்டம்புக்கு முன்னால் கூட்டும்போது துடைப்பம் எதிலோ மாட்டியது. குனிந்து விரலால் மண்ணை விலக்கினாள். செங்கல் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர். ஆலையில் கரும்பு ஏற்றும் கன்வேயர் பெல்ட்டிலிருந்து வெட்டியது. சரளையில் அளவாகக் குழி வெட்டி, தரையோடு தரையாகப் பதித்து, மேலே மெல்லிசாக மண் தூவியிருந்தது.

அவளுக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? யாரோ நமக்குக் குழி பறித்துவிட்டார்கள் என்று தோன்றியது. ஒசீராக்காரிகள் ஆள் விட்டுச் செய்திருக்கிறார்கள், நப்போசா அம்மாள் முன்னால் மானத்தை வாங்கப் பார்க்கிறார்கள் என்று ரத்தம் கொதித்தது. ரப்பரை நெம்பி எடுத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு, நமுகோசேயின் குவார்ட்டர்ஸுக்கு ஓட்டமாக ஓடினாள். பேதை.

நமுகோசே வாசலில் அடுப்பு மூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தாள். நங்கோபி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். நமுகோசே ரப்பரைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்தாள், அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இத எதுக்குடி எடுத்த? அவங்க பஸ் வர்றதுக்குள்ள போய் வச்சிட்டு வா. வழவழப்பா இருக்கற பக்கம் மேல வரணும்."

நங்கோபிக்குப் புரியவில்லை. எதற்கு வைக்க வேண்டும் என்று கேட்டாள். நமுகோசே அவள் முகத்தையே பார்த்தாள். முதலில் சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஏய், நெஜமாவே உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"நாங்க எல்லாரும் நீ தெரிஞ்சுதான் போடறேன்னு நெனச்சோம். தெரியாத மாதிரி இருக்கா பாரு, என்னா அழுத்தம்னு பேசிப்போம்."

நங்கோபி கையிலிருந்த ரப்பரைப் பார்த்தாள். வழவழப்பான பக்கத்தில் வட்ட வட்டமாகத் தேய்ந்திருந்தது. அத்தனையும் பந்து விழுந்த தடம். அவள் பந்து. எத்தனையோ விக்கெட். இந்த அழுக்கு ரப்பரின் விக்கெட். சீ என்று வந்தது அவளுக்கு. ரப்பரைப் பார்த்தா, நமுகோசேயைப் பார்த்தா, பெருமையில் பல்லைக் காட்டிக்கொண்டு பதினோரு வருஷம் சப்பாத்தி தின்ற தன்னைப் பார்த்தா என்று சொல்லத் தெரியவில்லை.

நமுகோசே சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு இதில் வெட்கமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. முதன்முதலில் சேர்மன்தான் கிசாம்பிராவிடம் பதிக்கச் சொன்னாராம். அது தேய்ந்துபோய் வருஷத்துக்கு ஒன்று மாற்றுகிறார்களாம். ஊரில் நடக்காததா, ஒசீராவில் லெக் பக்கம் மாட்டுத்தோலை மடித்துப் பதிக்கிறார்கள், நீ அங்கே போய் இடுப்பில் அடி வாங்கினாயே, அது எப்படி என்று நினைத்தாய் என்றாள். ஆலை நமக்கு வேலையும் வீடும் கொடுத்திருப்பது நம் அழகைப் பார்த்தா, ஜெயிக்கிறோம் என்றுதானே, பதினோரு குடும்பம் இதில் சாப்பிடுகிறது என்றாள். அடிக்கொரு தரம் நீ நல்லவள், நீ நல்லவள் என்று முதுகைத் தடவினாள். அந்தக் கை பட்ட இடமெல்லாம் நங்கோபிக்கு அரித்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள் நங்கோபி. "இது இல்லாம நான் எத்தன விக்கெட் எடுத்திருப்பேன்?"

நமுகோசே டீயை ஆற்றினாள். "அதெல்லாம் இப்ப எதுக்குடி? டீயக் குடி."

நங்கோபி குடிக்கவில்லை. ரப்பரைத் துணியில் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குத் திரும்பினாள். வைத்துவிடுவாள் என்று நமுகோசே நிம்மதியாக இருந்திருப்பாள். மைதானத்தின் மூலையில், கரும்புக்கு ஓரமாக, குழிக் கக்கூஸ் ஒன்று உண்டு. ஆலை கட்டிய நாளிலிருந்து இருப்பது, ஆழம் யாருக்கும் தெரியாது. உள்ளே போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு, ரப்பரைக் குழிக்குள் விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பொதக்கென்று சத்தம் வந்தது. அதற்குப் பொருத்தமான இடம் அதுதான். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டு வந்து, சரளைமண்ணை அள்ளிப் போட்டு, அந்தக் குழியைத் தன் கையாலேயே நிரப்பினாள். காலால் மிதித்தாள், கல்லால் தட்டினாள், நகத்துக்கடியில் மண் ஏறும் வரைக்கும் அழுத்தினாள். இன்றைக்கு நான் போடுவது என் பந்து, வருகிறதோ போகிறதோ அது என் கணக்கு, நப்போசா அம்மாள் பார்க்கட்டும் என்று இருந்தது.

மற்ற பெண்கள் வந்து பாயை விரித்து ஆணி அடித்தார்கள். வைத்துவிட்டாயா என்று நமுகோசே கண்ணாலேயே கேட்டாள். நங்கோபி வேறு பக்கம் பார்த்தாள். நமுகோசே அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். சேர்மன் பலிகோவா வெள்ளைச் சட்டையில் வந்தபோது எல்லாரும் அந்த ஊர் வழக்கப்படி மண்டியிட்டு வணக்கம் சொன்னார்கள். நங்கோபி நின்றுகொண்டே இருந்தாள். அவர் ஒரு வினாடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெரிய ஆட்டம், பதற்றம் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். இவர் காலடியில் இத்தனை வருஷம் மண்டியிட்டோமே என்று அவளுக்கு முழங்காலைக் கழுவவேண்டும் போல இருந்தது.

லுவாந்திரோ முதலில் ஆடி நூற்றுப் பதினெட்டு எடுத்தது. பிறகு ஒசீரா ஆட வந்தது. அவர்களின் தலைவி அபொலோட் முதலில் இறங்கினாள். இருபத்து நாலு வயதுப் பெண், நல்ல மட்டைக்காரி, நப்போசா அம்மாளின் கண்ணில் பட வேண்டும் என்று அவளுக்கும் ஆசை. நங்கோபி புகைபோக்கிப் பக்கத்திலிருந்து முதல் ஓவர் போட்டாள். வேண்டுமென்றே அந்த இடத்தைத் தொடவில்லை. கால் பக்கமும் நடுவிலுமாகப் போட்டாள். பதினாலு ரன் போனது. நப்போசா அம்மாள் நாற்காலியில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நமுகோசே கையுறையை ஆட்டி ஆட்டி அந்த இடத்தைக் காட்டினாள், போடேன்டி, போடேன்டி என்று உதடு அசைந்தது.

தன் இரண்டாவது ஓவரில் நங்கோபி நினைத்துக்கொண்டாள், அது நல்ல இடம்தானே, ரப்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தப் பந்துவீச்சுக்காரியும் போட ஆசைப்படும் இடம்தானே, அதை ஏன் இவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று. போட்டாள். பந்து அங்கேயே விழுந்தது. எழும்பவில்லை. தாழ்வாக, பரம சாதுவாக உள்ளே போய் ஆஃப் ஸ்டம்பைத் தட்டிச் சாய்த்தது. அபொலோட்டின் மட்டை அவள் மார்புக்கு நேரே உயர்ந்திருந்தது. பின்னால் நமுகோசேயின் கையுறைகளும் மார்புக்கு நேரேதான் இருந்தன. இரண்டு பேரும் வராத பந்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அணியில் எல்லாரும் கத்திக்கொண்டு ஓடி வந்து நங்கோபியைக் கட்டிக்கொண்டார்கள். நமுகோசே மட்டும் வரவில்லை. ரப்பர் அங்கே இல்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. நங்கோபிக்கு வேறொன்று விளங்கியது, மெதுவாக. இந்த அபொலோட்டுக்கும் தெரியும். எதிர் அணிக்காரிகளுக்கும் தெரியும். இந்த மைதானத்துக்கு வரும் ஒவ்வொருத்தியும் அந்த இடத்தை மனசில் குறித்து வைத்துக்கொண்டுதான் வருகிறாள். நாட்டிலேயே தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

அதற்கப்புறம் வந்தவர்களுக்கு இன்னும் மோசம். இடத்தை மாற்றிவிட்டார்கள், புது இடம் எதுவென்று தெரியவில்லை என்ற பயம். ஒவ்வொரு பந்துக்கும் பாயைப் பார்த்தார்களே தவிரப் பந்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி சும்மா வந்த பந்துக்குக் குனிந்துகொண்டு, ஸ்டம்பு பறிபோய் நின்றாள். இன்னொருத்தி பின்வாங்கித் தன் காலாலேயே ஸ்டம்பை இடித்துக்கொண்டாள். நாலு ஓவர் முடிவில் நங்கோபிக்கு நாலு விக்கெட். ஒன்றுகூடச் சந்தோஷமாக இல்லை. ரப்பரைக் கக்கூஸில் போட்டும் அது ஆடிக்கொண்டே இருந்தது.

ஒசீரா பத்தொன்பது ரன் வித்தியாசத்தில் தோற்றது. அவர்களின் மேனேஜர் ஒகிரோர், தொந்தியைத் தூக்கிக்கொண்டு, அம்பயர்களிடம் போய்ப் பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றார். பதினோரு வருஷம் வாயைத் திறக்காத மனிதர். நப்போசா அம்மாள் உட்கார்ந்திருந்ததால் நியாயம் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. சேர்மன் முதலில் மறுத்தார். நப்போசா அம்மாளே எழுந்து வந்து தூக்குங்கள் என்றதும் வேறு வழியில்லை. சேர்மன் நமுகோசேயைப் பார்த்தார். அடியில் ரப்பர் இல்லை என்பதுபோல் அவள் மெல்லத் தலையாட்டினாள். அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

ஆணிகளைப் பிடுங்கிப் பாயைச் சுருட்டினார்கள். வெளுத்துக் காய்ந்த தரை நடுவே, செங்கல் அளவுக்கு, ஈரமாக, கருஞ்சிவப்பாக ஒரு புதுத் திட்டு. நாலு மூலையும் அப்படியே தெரிந்தது. நங்கோபி காலையில் கை வலிக்க வலிக்க நிரப்பினாளே, அதே இடம்.

எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சேர்மன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். என்ன நடிப்பு! ஆலையின் பேர் போச்சே, என் பிள்ளைகளா இப்படி என்றார். காலையில் தரையை யார் தயார் செய்தது என்று அம்பயர் கேட்டார். நமுகோசே மண்ணைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே நங்கோபி தனியா வந்துட்டா."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. யாரும் பொய்யே சொல்லவில்லை. அவள் இதுவரை பாய் விரிக்க வந்ததே இல்லை, இன்றைக்கு மட்டும் வந்தாள் என்று இன்னொருத்தி சேர்த்துக்கொண்டாள். அதுவும் உண்மை. அவள் நகத்தைப் பாருங்கள் என்றார் ஒகிரோர். நகத்துக்கடியில் செம்மண் அப்பியிருந்தது.

நங்கோபி இருந்ததை இருந்தபடி சொன்னாள். அங்கே ரப்பர் இருந்தது, இன்று காலைதான் பார்த்தேன், எடுத்துவிட்டுக் குழியை நிரப்பினேன், இன்றைக்கு அடியில் ஒன்றும் கிடையாது என்றாள். அந்த ரப்பர் எங்கே என்று கேட்டார்கள். கக்கூஸில் போட்டேன் என்றாள். யாரோ கெக்கெக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள்.

நப்போசா அம்மாள் சிரிக்கவில்லை. "எத்தன வருஷமா அங்க பந்து போடற?"

"பதினொண்ணு."

"பதினோரு வருஷம் அங்கயே போட்ட உனக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியாதா?"

"தெரியாதுங்கம்மா."

அந்த அம்மாள் அவள் நகத்தைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, மூக்கைச் சுளித்தார், அவ்வளவுதான். விக்கெட்டுகள் செல்லாது, ஆட்டம் செல்லாது, விசாரணைக் குழுவுக்கு எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். நங்கோபி அவர் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அப்படித்தான் மூக்கைச் சுளித்திருப்பாள். அதனால் அவர்மேல் கோபம் வரவில்லை.

சேர்மன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இப்போதும் சிரித்த முகம்தான். "மகளே, நானே பொதைச்சேன், வேற யாருக்கும் தெரியாதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு. குழு ரெண்டு வருஷம் ஆடத் தடை போடும், அத ஒரு வருஷமாக்கிடலாம். எடைமேட வேல எங்கயும் போகாது. நீ நம்ம பொண்ணு." சொல்லிவிட்டுத் தோளைத் தட்டினார், போன வாரம் தட்டிய அதே தோளை. அவள் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள், செத்த எலியை வாலைப் பிடித்துப் போடுகிற மாதிரி. எழுத மாட்டேன் என்றாள். திங்கட்கிழமைக்குள் யோசித்துச் சொல் என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் கிளப் கொட்டகையிலிருந்து ஆட்டுக்கறி சுடும் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால் சேர்மனும் ஒகிரோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தட்டில் கறி தின்றுகொண்டு, ஆளுக்கொரு பீரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் ஒசீராவில் ஆட்டம், வரும்போது மனைவியையும் கூட்டி வாருங்கள் என்றார் ஒகிரோர்.

அவர் தின்று முடிக்கும்வரை ஒசீராவின் பஸ் கிளம்பாது. பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அபொலோட் மட்டும் இறங்கி, கரும்போரமாகத் தனியாக நின்ற நங்கோபியிடம் வந்தாள். கையில் மட்டை மட்டும் இருந்தது.

"அக்கா, நீங்க சொன்னது நெஜம். என்ன அவுட்டாக்கின பந்து எழும்பவே இல்ல. நான்தான் மட்டையத் தூக்கிட்டேன்."

"இத அங்க சொல்லியிருக்கலாமே."

"எதுக்குத் தூக்கினேன்னு கேப்பாங்களே. தெரியும்னு சொல்லணும். அப்புறம் எங்க ஊர் மாட்டுத்தோலு வெளிய வரும்." அவள் கீழே பார்த்தாள். "வீட்ல அம்மா, தங்கச்சிங்க எல்லாம் என்ன நம்பித்தான் இருக்காங்க."

நங்கோபி அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு இந்தப் பெண் ஒருத்திதானா கிடைத்தாள். அவளுக்கு வேண்டியது வேறு. விசாரணை, தடை, எடைமேடை எல்லாம் என்னவோ ஆகட்டும். கணவனை விட்டது, பதினோரு வருஷத்தை விட்டது எதற்காக என்று தெரிந்தால் போதும். சட்டைப் பையிலிருந்து பந்தை எடுத்தாள். பாய் சுருட்டியது சுருட்டியபடி ஓரமாகக் கிடந்தது. வெறும் சரளைத் தரை. அடியிலும் ஒன்றுமில்லை, மேலேயும் ஒன்றுமில்லை.

"போய் நில்லு. ஆறு பந்து போடறேன். எனக்காக விட்டுக் குடுத்தியோ, அப்புறம் உன்ன அக்கா தங்கச்சின்னு பாக்க மாட்டேன்."

அபொலோட் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள், கொட்டகையைப் பார்த்தாள், பிறகு போய்க் கரும்புப் பக்கத்து ஸ்டம்புக்கு முன்னால் நின்றாள். கீப்பர் இல்லை, கையுறை காட்ட ஆள் இல்லை. நங்கோபி புகைபோக்கிப் பக்கத்திலிருந்து ஓடி வந்து முதல் பந்தைப் போட்டாள். பழைய இடம் பக்கம் போகாமல், ஸ்டம்புக்கு நேராக, தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாள். அபொலோட் ஒரு காலை முன்னால் வைத்து அடித்தாள். பந்து கரும்புக்குள் போனது. பஸ்ஸிலிருந்து கைதட்டினார்கள்.

நங்கோபியே போய் எடுத்து வந்தாள். கரும்பு இலை கையைக் கீறியது. இரண்டாவது பந்து நேராக அவள் தலைக்கு மேலே போனது. மூன்றாவதை அபொலோட் தடுத்தாள், அதுவும் சோம்பலாக. நாலாவதும் ஐந்தாவதும் மறுபடி கரும்பு. ஐந்தாவதை அடிப்பதற்கு முன்னால் அபொலோட் கொஞ்சம் தயங்கினாள், இரக்கம் என்று நங்கோபிக்குத் தெரிந்தது, அடி என்று கத்தினாள். அவள் அடித்தாள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் கம்பாலாவில் அடித்த மாதிரியே அடித்தாள். சரி, தெரிந்துவிட்டது. ஷூ கடிக்கவில்லை, இடுப்பு பிடிக்கவில்லை, களி ஒன்றும் செய்யவில்லை.

கொட்டகையிலிருந்து ஒகிரோர் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். நங்கோபி ஆறாவது பந்துக்கு ஓடி வந்தாள். இனி இழக்க ஒன்றுமில்லாததாலோ என்னவோ, கை லேசாக இருந்தது. பந்து ஸ்டம்புக்கு நேராக விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து வெளியே திரும்பி, சரேலென்று எழும்பி, அபொலோட்டின் மட்டையைத் தாண்டி, ஸ்டம்பின் தலையில் இருந்த குச்சியைத் தட்டிவிட்டுப் போனது. அப்படி ஒரு பந்தை நங்கோபி வாழ்நாளில் போட்டதில்லை.

அபொலோட் திரும்பி ஸ்டம்பைப் பார்க்கவில்லை. குனிந்து, பந்து விழுந்த தரையைப் பார்த்தாள். மட்டை நுனியால் அந்த இடத்து மண்ணைக் கிளறினாள். ஒன்றும் கிடைத்த மாதிரித் தெரியவில்லை. நங்கோபியை நிமிர்ந்து பார்த்தாள், ஏதோ கேட்கப் போனாள், கேட்கவில்லை. ஹாரன் மறுபடி அடித்தது. மட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடினாள்.

பஸ் கிளம்பிப் புழுதி அடங்கும்வரை நங்கோபி நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு அந்த இடத்துக்கு நடந்து போனாள். முழங்காலிட்டாள். உள்ளங்கையைப் பரப்பி, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று அவளும் தடவித் தடவிப் பார்த்தாள்.